பேச்சு பாட்டாக மாறிய ஊர்கள்: இத்தாலியில் ஆறு நாள்

முதல் நாள், பிளாரன்ஸ்

அக்காவுக்கு கலிலேயோவைப் பார்க்க வேண்டும். எனக்கு அவருடைய அப்பாவின் ஊரில் நடக்க வேண்டும். இந்த ஒரு குடும்பத்தை வைத்துத்தான் எங்கள் பயணமே முடிவானது. அக்கா முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். எனக்கு ஓப்பரா, அதாவது முழுக்கப் பாடியே நடிக்கும் இசை நாடகம் என்றால் உயிர், அதிலும் அது பிறந்து வளர்ந்த முதல் ஐம்பது வருடத்தின் மேல் தனிப் பிரியம். அந்த ஐம்பது வருடத்தை ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது என்று கிளம்பியிருக்கிறோம். தினமும் ராத்திரி அறைக்குத் திரும்பியதும் இங்கே எழுதிவிடுகிறேன்.

காலையில் ஆர்னோ நதிக்கரையில் உள்ள கலிலேயோ அருங்காட்சியகம். வியாழனின் நிலாக்களைக் காட்டிய தொலைநோக்கியின் கண்ணாடி வில்லை, விரிசலோடு, தந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. அக்கா அதன் முன்னால் போய் நின்றவள் வெகுநேரம் நகரவில்லை. பக்கத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் கலிலேயோவின் நடுவிரல்.

வெளியே வந்ததும் அவளிடம் அப்பாவின் கதையைச் சொன்னேன். வின்சென்சோ கலிலி லூட் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். ஒரு கம்பியில் இரட்டிப்பு எடை கட்டினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும் என்று பிதாகரஸின் பெயரால் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வின்சென்சோ எடையைக் கட்டித் தொங்கவிட்டே பார்த்தார். இரட்டிப்பு போதாது, நாலு மடங்கு வேண்டும். "அப்போ பையனுக்கு முன்னாடியே அப்பா சோதனை பண்ணிப் பாத்திருக்கார்டா" என்றாள் அக்கா. அவளை என் பக்கம் இழுக்க இது போதும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பென்சி தெரு. ஐந்தாம் எண் கட்டடம், பார்டி மாளிகை. சாம்பல் நிறத்தில், தெருவோடு தெருவாக நிற்கிறது. சுவரில் ஒரு கல்வெட்டுப் பலகை. எதிர்ச் சாரியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். 1570களிலும் 80களிலும் பிரபு ஜியோவன்னி தெ பார்டியைச் சுற்றிப் புலவர்களும் பாடகர்களும் வித்வான்களும் கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கமெரத்தா என்று பெயர். அறைக்குள் கூடுபவர்கள், அவ்வளவுதான் அர்த்தம். வின்சென்சோ அதில் ஒருவர். பாடகர் ஜூலியோ காச்சினி இன்னொருவர்.

அவர்கள் வாதமெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். அன்றைய பாட்டு என்றால் நாலைந்து குரல்கள் பின்னிப் பின்னிப் பாடுவது. காதுக்குச் சுகம், ஆனால் சொல் மூழ்கிவிடும். "ஐயோ" என்று ஒரு குரல் அழும் நேரத்தில் இன்னொன்று அடுத்த வரிக்குப் போயிருக்கும். துக்கம் ஒருவனுடையது என்றால் அதை ஐந்து பேர் ஏன் பாட வேண்டும்? ரோமில் இருந்த ஜிரோலாமோ மெய் என்ற அறிஞர் பழைய கிரேக்க ஏடுகளைத் துருவிப் படித்துவிட்டு வின்சென்சோவுக்குக் கடிதம் எழுதினார். கிரேக்கர்கள் ஒரே மெட்டை ஒரே குரலில் பாடினார்கள், அதனால்தான் அவர்கள் இசை மனதை அப்படி ஆட்டியது; அவர்களுடைய துன்பியல் நாடகங்கள் முதலிலிருந்து கடைசிவரை பாடப்பட்டவை. இதைப் பிடித்துக்கொண்டு வின்சென்சோ 1581இல் ஒரு நூலே போட்டார், பழைய இசையும் புதிய இசையும் பற்றிய உரையாடலாக.

கிரேக்க நாடகத்தில் குழுவினர் பாடினார்கள், பாத்திரங்கள் பெரும்பாலும் வசனமாகவே பேசினார்கள் என்பதுதான் இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. அப்படியானால் மெய் சொன்னதில் பாதி சரியில்லை. அந்தச் சரியில்லாத பாதிதான் எனக்கு மிகப் பிடித்தமானது. அதை நம்பியதால்தானே நாடகம் முழுவதையும் பாடிப் பார்க்கத் துணிந்தார்கள்.

இரண்டாம் நாள், பிளாரன்ஸ்

கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே எழுதுகிறேன். இன்று உஃபீத்ஸி ஓவியக்கூடம், பிறகு பாலம் கடந்து பித்தி அரண்மனை.

உஃபீத்ஸியில் ஓவியம் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அதே கட்டடத்துக்குள் ஒரு பெரிய நாடக அரங்கம் இருந்தது தெரியும்? புவொந்தலென்தி கட்டிய அந்த அரங்கில் 1589இல் பிளாரன்ஸை ஆண்ட பெரிய கோமகன் ஃபெர்தினாந்தோ மெடிச்சியின் கல்யாணத்துக்கு ஒரு நாடகம் போட்டார்கள். அங்கங்களுக்கு நடுவே ஆறு இசைக் காட்சிகள். மேகம் இறங்கும், நரகம் திறக்கும், கடலில் கப்பல் வரும். மக்கள் நாடகத்தை விட்டுவிட்டு அதைத்தான் பேசினார்கள். அதில் பாடியவர்களில் ஒருவர் ஜாக்கோபோ பெரி. நீளமான தலைமுடி அவருக்கு, அதனால் ஊரில் 'சாத்சரீனோ' என்று பட்டப்பெயர்.

இந்தப் பெரியும் புலவர் ஒத்தாவியோ ரினுச்சினியும் ஜாக்கோபோ கோர்சி என்ற செல்வந்தரும் சேர்ந்து 1598 கார்னிவல் என்ற கொண்டாட்டப் பருவத்தில் கோர்சியின் வீட்டில் 'தாஃப்னே'யைப் போட்டார்கள். முழுக்கப் பாடப்பட்ட முதல் நாடகம். அதன் பாட்டு வரிகள் கிடைக்கின்றன. இசையில் ஆறு துணுக்குதான் மிச்சம்.

முழுசாக நம் கைக்குக் கிடைத்தது அடுத்த முயற்சி, 'எவ்ரிதிசே'. அதற்காகத்தான் பித்தி அரண்மனைக்குப் போனேன். 1600 அக்டோபர் 5, மரியா மெடிச்சிக்கும் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் கல்யாணம். மாப்பிள்ளை வரவில்லை, அவர் இடத்தில் பெண்ணின் சித்தப்பா ஃபெர்தினாந்தோவே நின்று சடங்கை முடித்தார். மறுநாள் சாயங்காலம் இந்த அரண்மனையில், டான் அந்தோனியோ மெடிச்சியின் அறைகளில், எவ்ரிதிசே. எவ்ரிதிசேயின் கணவன், பாடகன் ஓர்ஃபெயோவாகப் பெரியே பாடினார். மேடைக்குப் பின்னால் நாலே வாத்தியம். ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகை வாத்தியத்தை வாசித்தது கோர்சி. பணம் போட்டவரே வாசிக்கவும் செய்தார்!

ரபேலின் ஓவியங்கள் மாட்டிய கூடங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துகொண்டிருந்தபோது என் மனதில் ஓடியது பெரி தன் நூலுக்கு எழுதிய முன்னுரைதான். மனிதர்கள் பேசும்போது எந்த அசையில் குரல் ஊன்றுகிறது, எங்கே ஓடிவிடுகிறது என்று அவர் கவனித்திருக்கிறார். ஊன்றும் இடத்தில் சுரம் இசைவாக அமைய வேண்டும். ஓடும் இடத்தில் அடியில் ஒரே சுரம் அசையாமல் நிற்க, மேலே குரல் பேச்சுபோல ஓடலாம். சந்தோஷத்தில் வேகம், துக்கத்தில் நிதானம். பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, நடுவில் ஒரு நடை. பின்னாளில் ரெசிட்டாடிவோ என்று பெயர் வாங்கியது இதுதான். தெருவில் பேசுகிறவர்களைக் காது கொடுத்துக் கேட்டு ஒரு கலையையே உண்டாக்கியிருக்கிறார். இதைச் சொன்னபோது அக்கா, "அதுவும் அளந்து பாத்ததுதானே" என்றாள். ஆமாம் அக்கா.

கதையில் ஓர்ஃபெயோ பாதாளம் போய் மனைவியை மீட்டு வருகிறான். திரும்பிப் பார்க்காதே என்ற நிபந்தனையே இதில் கிடையாது. இருவரும் சுகமாக மேலே வந்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் பின்னே எப்படி முடிப்பார்கள்? காச்சினி தன் மாணவர்கள் பாடும் இடங்களில் தன்னுடைய மெட்டையே பாட வைத்தார். அது போதாதென்று அதே வரிகளுக்கு முழுவதும் தானே இசையமைத்து, டிசம்பரில் முந்திக்கொண்டு அச்சுக்கும் கொடுத்தார். பெரியின் நூல் பிப்ரவரியில்தான் வந்தது. இரண்டையும் கேட்டிருக்கிறேன். காச்சினி மெட்டு இனிமைதான், ஆனால் எவ்ரிதிசே இறந்த சேதி கேட்டு ஓர்ஃபெயோ வாயடைத்து நிற்கும் இடத்தில் பெரி போட்டிருக்கும் அந்தக் கரடுமுரடான சுரங்கள் அவருக்கு வராது.

ஆனால் காச்சினியின் மகளை மறக்கக் கூடாது. பிரான்செஸ்கா காச்சினி 1625இல் இந்த ஊருக்கு வெளியே போஜோ இம்பெரியாலே மாளிகையில், போலந்து இளவரசர் வந்தபோது, ஒரு ஓப்பராவை அரங்கேற்றினார். ஒரு பெண் இயற்றி நமக்குக் கிடைத்துள்ளவற்றில் அதுதான் முதல் ஓப்பரா. அங்கே போக நேரம் கிடைக்கவில்லை. வருத்தம்தான்.

மூன்றாம் நாள், மாந்துவா

வண்டி தாமதம், அடுத்த இணைப்பு வண்டி போய்விட்டது, இரண்டு மணி நேரம் நடைமேடையில் குளிரில் உட்கார்ந்திருந்தோம். மாந்துவா வந்து சேர்ந்தபோது பனிமூட்டம். மூன்று பக்கமும் ஏரி, நடுவே ஊர். பரங்கிக்காய்ப் பூரணம் வைத்த தொர்தெல்லி சாப்பிட்டோம். இனிப்பும் உப்புமாக இருந்தது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்தது.

மாந்துவா கோமகன் வின்சென்சோ கொன்சாகா அந்த பிளாரன்ஸ் கல்யாணத்துக்குப் போயிருந்தவர். பெண்ணின் அக்காவைக் கட்டியவர், போகாமல் முடியுமா? அவர் பரிவாரத்தில் இளம் ஓவியர் ரூபென்ஸும் இருந்தார். ஏழு வருடம் கழித்து இவர் மகன் பிரான்செஸ்கோ தன் ஊரில் ஒன்று போட ஆசைப்பட்டான். இசை, அரண்மனை வித்வான் கிளாவ்தியோ மொன்தெவெர்தி. வரிகள், அரசாங்க அதிகாரியாக இருந்த அலெஸ்ஸாந்த்ரோ ஸ்த்ரிஜ்ஜோ. அதுவும் அதே ஓர்ஃபெயோ கதைதான்.

1607 பிப்ரவரி 24. அதற்கு முந்தின நாள் அரண்மனைக்காரர் ஒருவர் தன் சகோதரருக்குக் கடிதம் எழுதுகிறார்: நாளை நடக்கும் நாடகம் புதுமாதிரி, பேசுகிறவர்கள் எல்லாரும் இசையிலேயே பேசுவார்களாம். எனக்கு இந்த ஒரு வரியே போதும். ஓப்பராவுக்கு ஓப்பரா என்ற பெயர் நிலைக்கும் முன்பு ஒரு மனிதருக்கு அது எப்படிப் பட்டது என்பது இதில் இருக்கிறது.

கோமகன் அரண்மனை ஒரு குட்டி ஊர். ஐநூறு அறைகளுக்கு மேல். மந்தேஞ்ஞா வரைந்த மணவறைச் சுவர்களைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். நாங்களும் வரிசையில் நின்று பார்த்தோம். ஓர்ஃபெயோ நடந்தது எந்த அறையில் என்பது அறிஞர்களிடையே இன்னும் வாதம். பெரிய அறை இல்லை என்பது மட்டும் நிச்சயம்; 'குறுகிய மேடை' என்று மொன்தெவெர்தியே எழுதியிருக்கிறார். அந்தக் குறுகிய இடத்துக்குத்தான் சுமார் நாற்பது வாத்தியம்! பித்தியில் நாலு, இங்கே நாற்பது. வயல்வெளிக் காட்சிக்கு வயலின்களும் சின்னக் குழல்களும் ஹார்ப்சிகார்டும். பாதாளத்துக்கு டிராம்போன், கோர்னெத்தோ என்ற ஊதுவாத்தியங்களும், ரேகால் என்ற கரகரப்பான சின்ன ஆர்கனும். வாத்தியத்தின் நிறத்தைக் கேட்டே உயிருள்ளவர்கள் ஊரா, செத்தவர்கள் ஊரா என்று தெரிந்துவிடும்.

அரண்மனை முற்றத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, அக்காவுக்கு இரண்டாம் அங்கத்தில் ஓர் இடத்தைப் போட்டுக் காட்டினேன். ஓர்ஃபெயோ கல்யாண மகிழ்ச்சியில் ஆட்டமாய்ப் பாடிக்கொண்டிருக்கிறான், இடையர்கள் கூடவே. திடீரென்று ஒரு பெண் குரல் குறுக்கே வருகிறது. சேதி கொண்டு வந்தவள். வாத்தியம் எல்லாம் நின்று அடியில் ஆர்கனும் ஒரு நீண்ட கழுத்து லூட்டும் மட்டும். இடையர்களுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை, அவர்கள் சுரம் பழைய இடத்திலேயே இருக்கிறது. அவள் சுரம் வேறு எங்கோ இருக்கிறது. பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு கடித்தது என்று அவள் சொல்லச் சொல்ல அந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்ட மறுக்கின்றன. ஓர்ஃபெயோ சொல்வது "ஐயோ" மட்டும்தான். பெரி கண்டுபிடித்த நடைதான் இது. ஆனால் அதற்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று பெரிக்கே தெரிந்திருக்காது.

அக்கா இயர்போனைக் காதிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். "பாஷை புரியலைடா. ஆனா யாரோ செத்துட்டாங்கன்னு தெரியுது" என்றாள். பென்சி தெருவில் கூடியவர்கள் இருபது வருடம் வாதாடியது இதற்குத்தான்.

அப்புறம் மொன்தெவெர்தியின் வீட்டுக் கதை. அதே வருடம் செப்டம்பரில் அவர் மனைவி கிளாவ்தியா இறந்தார். கொஞ்ச நாளில் அரண்மனை திரும்ப அழைக்கிறது, இளவரசனுக்குக் கல்யாணம், புது ஓப்பரா வேண்டும். அதுதான் 'அரியான்னா'. நாயகியாகப் பாட வேண்டிய கதெரினா மர்த்தினெல்லி, பதின்மூன்று வயதில் ரோமிலிருந்து வந்து மொன்தெவெர்தி வீட்டிலேயே தங்கிப் பாடம் கேட்டவள், ஒத்திகை நேரத்தில் அம்மை போட்டுச் செத்துப்போனாள். பதினெட்டு வயது. விர்ஜீனியா அந்திரேயினி என்ற நாடக நடிகை சில நாட்களில் பாடம் பண்ணி 1608 மே 28 அன்று பாடினார். கைவிடப்பட்ட அரியான்னா கடற்கரையில் "சாக விடுங்கள் என்னை" என்று அழும் புலம்பலில் அழாத பெண் இல்லை என்று அன்றைய குறிப்பு சொல்கிறது. அந்த ஓப்பராவின் இசையில் அந்தப் புலம்பல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மனைவியையும் வளர்ப்புப் பெண் போன்ற மாணவியையும் ஆறே மாதத்துக்குள் பறிகொடுத்தவர் எழுதிய புலம்பல் அது. நான் அதை அப்படித்தான் கேட்கிறேன்.

நான்காம் நாள், விசென்சா

வெனிஸ் போகும் வழியில் அரை நாள் இறங்கினோம். காரணம் ஒலிம்பிகோ அரங்கம். ஓப்பராவுக்காகக் கட்டியது இல்லை, ஆனால் இதைப் பார்க்காமல் போனால் கதை குறைப்படும். கட்டடக் கலைஞர் பல்லாதியோ திட்டம் போட்டு, 1580இல் அவர் இறந்தபின் முடிக்கப்பட்டது. மேடையின் வளைவுகளுக்குப் பின்னால் ஸ்கமோத்சி அமைத்த ஏழு தெருக்கள் மரத்திலும் சாந்திலும் இன்னும் நிற்கின்றன. தீப்ஸ் நகரத் தெருக்கள். தூரம் போகப் போகச் சுருங்கி, தரை மேலேறி, நீளமான வீதி மாதிரி கண்ணை ஏமாற்றுகின்றன. நடிகர் பின்னால் போனால் கூரைக்கு மேல் தலை வந்துவிடும்!

1585 மார்ச் 3 அன்று இங்கே முதல் நாடகம், சோபோக்ளிஸின் ஈடிபஸ் மன்னன். குழுப் பாடல்களுக்கு மட்டும் அந்திரேயா கப்ரியேலி இசையமைத்தார், மற்றதெல்லாம் வசனம். நிஜக் கிரேக்க முறைக்கு விசென்சாக்காரர்கள்தான் கிட்டே போனவர்கள். ஆனால் அவர்கள் கதை அதோடு நின்றுவிட்டது, தப்பாகப் புரிந்துகொண்ட பிளாரன்ஸிலிருந்துதான் ஓப்பரா வந்தது. அந்த மரப்படிகளில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள், வெனிஸ்

மொன்தெவெர்தி வெனிசுக்கு வந்தது 1613இல். மாந்துவாவில் புதுக் கோமகன் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். புனித மார்க் ஆலயம் தலைமை இசைப் பொறுப்பைக் கொடுத்தது. வரும் வழியில் கொள்ளைக்காரர்கள் மறித்து இருந்ததைப் பறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடம் இதே ஊர். மாந்துவா திரும்பக் கூப்பிட்டபோது போகவில்லை. 1630இல் படைகள் மாந்துவாவைச் சூறையாடின. அங்கே எழுதியதில் எவ்வளவோ அதோடு போயிற்று. வெனிசிலும் பெருநோய், ஊரில் மூன்றில் ஒரு பங்கு பேர் போனார்கள். அந்த வேண்டுதலுக்குக் கட்டியதுதான் கால்வாய் வாயில் நிற்கும் சலூத்தே ஆலயம். நோய் ஓய்ந்த பிறகு மொன்தெவெர்தி பாதிரியாரானார்.

இன்று மதியம் ஃப்ராரி ஆலயம். தீஷியனின் பெரிய ஓவியத்துக்கு முன்னால் கூட்டம். அங்கிருந்து விலகி ஒரு பக்கச் சிற்றாலயத்தில் தரையோடு தரையாக ஒரு கல், அதில் பெயர், மேலே யாரோ வைத்துப்போன ரோஜா. 1643 நவம்பர் 29 அன்று இறந்தார். கையில் பூ வாங்கி வரவில்லையே என்று இருந்தது. அக்கா போய் வெளியிலிருந்து வாங்கி வந்தாள்.

ஆறாம் நாள், வெனிஸ்

கடைசி நாள். சான் கசியானோ பகுதி, ரியால்தோவுக்குப் பக்கத்தில். சந்துகளில் நாலு தடவை வழி தவறி ஒரு கால்வாய் ஓரம் வந்து நின்றோம். உயரமான மதில், மேலே மரக்கிளைகள். அல்பிரித்சி மாளிகையின் தோட்டம். இங்கேதான் உலகத்தின் முதல் பொது ஓப்பரா அரங்கம் இருந்தது. 1812இல் இடித்துவிட்டார்கள்.

1637 கார்னிவல் பருவத்தில் த்ரோன் குடும்பத்துக்குச் சொந்தமான இந்த அரங்கில் 'அந்திரோமெதா' போட்டார்கள். வரிகள் பெனெதெத்தோ ஃபெர்ராரி, இசை பிரான்செஸ்கோ மனெல்லி. மனெல்லியின் மனைவி மத்தலேனாதான் நாயகி. கோமகன் இல்லை, கல்யாணம் இல்லை. ஒரு சின்னப் பாட்டுக் குழு சொந்தச் செலவில் போட்டது. காசு கொடுத்தவன் உள்ளே வரலாம். அதுவரை அழைப்பு வந்தவர்களுக்கு மட்டும் கேட்ட சங்கீதம். அடுக்கடுக்காய்ப் பெட்டி இருக்கைகள், பெரிய குடும்பங்கள் வருட வாடகைக்கு எடுத்தன. கீழே தரையில் மற்றவர்கள். முகமூடி போட்டு வருவார்கள். பாட்டுப் புத்தகம் வாங்கி, சின்ன மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வரியைத் தொடர்ந்து படிப்பார்கள். நாற்பது வருடத்துக்குள் இந்த ஊரில் ஒன்பது அரங்கங்களில் சுமார் நூற்றைம்பது ஓப்பராக்கள்.

டிக்கெட் விற்க ஆரம்பித்ததும் கலையின் உருவமே மாறிவிட்டது. நாற்பது வாத்தியம் வைத்தால் கட்டுப்படியாகாது. சில தந்தி வாத்தியங்களும் ஹார்ப்சிகார்டும் போதும். குழுப் பாடகர்கள் செலவு, அவர்களும் போய்விட்டார்கள். பணம் பாடகிகளுக்கும் மேடை எந்திரங்களுக்கும் போனது. 1641இல் 'பைத்தியமாய் நடித்தவள்' என்ற ஓப்பராவில் அன்னா ரென்சி பாடினார், தொரெல்லி காட்சிகளை நொடியில் மாற்றும் எந்திரம் செய்தார், ஊரே திரண்டது. இதை வீழ்ச்சி என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாத்தியம் குறைந்ததால் குரலும் சொல்லும் மறுபடி முன்னால் வந்தன. பார்டி மாளிகைக்காரர்கள் கேட்டது கடைசியில் சந்தையில்தான் கிடைத்தது.

மொன்தெவெர்தி அப்போது எழுபது வயதுப் பாதிரியார். ஒதுங்கி இருந்திருக்கலாம். ஆனால் 1640இல் 'யுலிஸ்ஸே ஊர் திரும்புதல்', 1643 கார்னிவலில் புனித ஜான் பால் அரங்கத்துக்கு 'பொப்பேயாவின் முடிசூட்டு'. தேவர்களும் இடையர்களும் இல்லை, ரோமச் சரித்திரம். நீரோ மனைவியைத் துரத்துகிறான், குரு செனெக்காவைச் சாகச் சொல்கிறான், காதலி பொப்பேயாவை ராணியாக்குகிறான். கெட்டவர்கள் ஜெயிக்கிறார்கள். துரத்தப்பட்ட மனைவி ஒத்தாவியா ரோமை விட்டுப் போகும்போது விடைபெறும் முதல் சொல்லே முழுசாக வராமல் "அ... அ..." என்று திக்குகிறது. அந்தத் திக்கலும் இசைதான். நாடு கடத்தப்படும் ஒருத்திக்கு வாய் எப்படிக் குழறும் என்று எழுபத்தைந்து வயதில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார்.

அவருக்குக் கீழே பணியாற்றிய கவல்லி இந்தச் சான் கசியானோவுக்கே எழுதி எழுதிக் குவித்தார். 1649இல் வந்த அவருடைய 'ஜியாசோனே' இத்தாலி முழுக்கச் சுற்றியது. அவரைப் பற்றி எழுதத் தனிப் பயணம் வேண்டும்.

சாயங்காலம் கால்வாய்ப் படியில் உட்கார்ந்து, காதில் ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டு, பொப்பேயாவின் கடைசிப் பாட்டைக் கேட்டோம். நீரோவும் பொப்பேயாவும் சேர்ந்து பாடுவது. அடியில் நாலே சுரம் திரும்பத் திரும்ப இறங்குகிறது, மேலே இரண்டு குரல்கள் உரசிக்கொண்டு போகின்றன. இவ்வளவு கொடுமை செய்தவர்கள் பாடும் இவ்வளவு அழகான பாட்டு. முடிந்ததும் அக்காவிடம் சொன்னேன், இது மொன்தெவெர்தி எழுதியதாக இருக்காது, வேறு யாரோ இளையவர் பின்னால் சேர்த்தது என்றுதான் ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள் என்று.

"சரி, யார் எழுதினா என்ன. இன்னொரு தடவை போடு" என்றாள்.

போட்டேன். படகு வருவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டோம்.